நான்காவது டியூப்

தோல் பவளம் சாய்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, தோல் தொழிற்சாலையிலிருந்து வந்து, சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த வாடை போகும்வரை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, கடல்தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோதுதான் நத்தானியேல் அதைக் கவனித்தான். காளான் மாதிரி ஒற்றைத் தண்டில் நிற்கும் பவளம் அது. மேல்பரப்பு பதனிட்ட ஆட்டுத்தோல் போல மெத்தென்று இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். இரண்டரை வருடமாக நேராக நின்றது. இப்போது தண்டு வளைந்து, குடை முழுவதும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. குடையில் முளைத்திருந்த நூற்றுக்கணக்கான மெல்லிய விரல்களும் அதே பக்கம் நீண்டிருந்தன.

பவளம் வெளிச்சத்தைப் பார்த்து வளரும். வெளிச்சம் மேலே, தொட்டியின் மூடியில் இருந்தது. இடப்பக்கம் இருந்தது வெறும் சுவர்.

தண்ணீரின் இழுப்பாக இருக்கும் என்று நினைத்து பம்பை நிறுத்தினான். அறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த முனகல் நின்றது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். விரல்கள் அசையாத தண்ணீரிலும் சுவரையே காட்டின.

தொட்டி அவனுடையது இல்லை. அவன் மனைவி அக்சாவுடையது. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்ததும் உடை மாற்றாமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தபடி டீ குடிப்பாள். வெயில் பட்டால் தொட்டியில் பாசி பிடிக்கும், பகலில் தனக்கும் தூக்கம் வராது என்று சொல்லி ஹாலின் ஜன்னல்கள் இரண்டையும் அடைக்கச் சொன்னாள். அவன் தொழிற்சாலையில் கழித்த கறுப்புத் தோல்களைக் கொண்டுவந்து ஆணியடித்தான். அதிலிருந்து ஆம்பூரின் நடுவில் இருந்த அந்த ஹாலில் நண்பகலிலும் விளக்கு வேண்டும். உள்ளே வந்தால் கடல் வாசனை அடிக்கும்.

போன மார்ச்சில் ஆறு நாள் காய்ச்சல். நான்காம் நாள் கண் திறந்து, "டியூப் மாத்திட்டியா நத்தா?" என்று கேட்டாள். மூடியில் நான்கு டியூப்கள், இரண்டு வெள்ளை, இரண்டு நீலம். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய டியூப் கண்ணுக்குப் பிரகாசமாகவே தெரியும். ஆனால் பவளத்துக்கு வேண்டிய நிறம் அதிலிருந்து போயிருக்கும். மாற்றிவிட்டேன் என்றான். மாற்றவில்லை. ஆறாம் நாள் அவள் போய்விட்டாள்.

அதன்பின் பதினோரு மாதம். தண்ணீர் மாற்றினான், உப்பு கலந்தான், டியூபைத் தொடவில்லை. காரணம் எதுவும் இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். இப்போது மற்ற பவளங்களும் ஓரத்தில் வெளிறத் தொடங்கியிருந்தன. இவை செத்தால் அவளிடம் கடைசியாகச் சொன்ன பொய் பொய்யாகவே நிற்கும். இன்னும் உயிர் இருக்கும்போது மாற்றிவிட்டால் அது தாமதம் மட்டும்தான்.

மறுநாள் பஜாரில் வக்கார் அகமதுவின் மீன்கடைக்குப் போனான். பொன்மீனும் கப்பியும் விற்கிற கடை. ஊரில் உப்புத்தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச அவர் ஒருவர்தான்.

"இன்னா தம்பி, இன்னும் டியூப் லைட்டா? மெட்ராஸே எல்இடிக்குப் போய்ட்டுது. நீ இன்னும் ஸ்டார்ட்டர திருகினு இருக்க."

எல்இடி போடலாமா என்று கேட்டான். நல்ல பவளமாக இருந்தால் போடலாம், நலிந்ததுக்குப் போட்டால் இரண்டே நாளில் வெந்துவிடும் என்றார் வக்கார். வெள்ளைக்கு டேலைட் டியூப் போதும், எங்காவது கிடைக்கும். நீலம்தான் பேஜார். ஆர்டர் போட்டால் மூன்று வாரம். எது கிடைத்தாலும் ஒரே நாளில் நான்கையும் மாற்றக் கூடாது, வாரத்துக்கு ஒன்று.

"இதெல்லாம் சிஸ்டர் எனக்குச் சொன்னது. கோரலுன்னா இன்னான்னே எனக்கு அவங்கதான் கத்துக்குடுத்தாங்க" என்றார். பிறகு கல்லாவில் இருந்த பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தார்.

சாய்வதைப் பற்றி நத்தானியேல் கேட்டான்.

"அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும்."

"இல்ல பாய். சுவரு."

"அப்ப லைட்டு எதாவது."

"இல்ல."

"வெளிச்சம் இல்லாத பக்கம் அது சாயாது தம்பி. நீ சரியா பாரு."

சரியாகப் பார்ப்பதுதான் அவன் வேலை. வேதியியல் படித்துவிட்டு ஏழு வருடமாகத் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் நிறம் பார்க்கிறான். கறுப்புத் திரை போட்ட சின்ன அறை, அதில் சாம்பல் பூச்சு அடித்த லைட் பாக்ஸ். வாங்குபவர் அனுப்பிய மாதிரித் துண்டையும் இங்கே பதனிட்ட தோலையும் அருகருகே வைத்து ஒவ்வொரு டியூபாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்ச டியூபில் ஒன்று போலவே இருக்கும் இரண்டு வெள்ளைத் தோல்கள், யூவி டியூபைப் போட்டதும் பிரிந்துவிடும். வெளுப்புச் சாயம் கலந்தது நீலமாக ஒளிரும், கலக்காதது இருட்டாகிவிடும். இரண்டும் முதலிலிருந்தே வேறு வேறுதான், வெளிச்சம்தான் மறைத்திருந்தது.

பாக்ஸின் டியூப்கள் இரண்டாயிரம் மணி நேரம் ஓடியதும் மாற்றப்பட வேண்டும் என்பது விதி. கழற்றியவை தேதி ஒட்டி மூலையில் கிடந்தன. எல்லாம் இரண்டடி நீளம். தொட்டி மூடிக்கும் அதே அளவு. இரண்டு டேலைட்டும் ஒரு யூவியும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஸ்ப்ரே பிரிவு ஃபோர்மேன் லியாகத் அலியிடம் கேட்டான்.

"டேலைட் சரி. யூவி எதுக்கு? மீனுக்கு ஷேட் பாக்கப் போறியா?"

"நீலம் வர்ற வரைக்கும் பாய். கிட்டத்தட்ட அதே கலர்தான்."

"கிட்டத்தட்டன்னு எழுதித்தானே போன மாசம் முந்நூறு தோல் திரும்பி வந்துச்சு" என்றார் லியாகத். சிரித்துக்கொண்டே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

முதல் வாரம் ஒரு வெள்ளை. இரண்டாம் வாரம் இன்னொன்று. பவளங்களின் ஓரத்தில் நிறம் திரும்பியது. தோல் பவளம் மட்டும் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. மூன்றாம் வாரம் பழைய நீலங்களில் ஒன்று இரு முனைகளும் கறுத்து, கண் சிமிட்டி, அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு ஸ்டூலில் ஏறினான். கருஊதாக் கண்ணாடியில் செய்த யூவி டியூபை நான்காவது பிடியில் செருகிக் கால் வட்டம் திருப்பினான். கிளிக் என்றது. நிறத்தைச் சரியாகப் பார்க்க வெள்ளை டியூப்களை அணைத்தான்.

ஹால் இருண்டது. தொட்டிக்குள் பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக எரிந்தன. அக்சா போன பிறகு அவை இப்படி எரிந்ததில்லை. முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனான். உப்பின் ஈர வாசனை, பம்பின் முனகல், மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம். கண்ணாடியில் ஒரு நீல வெள்ளை தெரிந்தது. தொட்டிக்குள் இருப்பது என்று முதலில் நினைத்தான். பிறகுதான் அது பிரதிபலிப்பு என்று புரிந்தது.

திரும்பினான்.

இடப்பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் விட்டு, ஒரு நர்ஸ் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டு இல்லை, கோட்டின் வெள்ளை. காலர், மடித்த கை, இடுப்பருகே பையின் தையல். சுற்றிலும் சுவர் இருட்டாகிவிட்டது. சுண்ணாம்பு யூவியில் ஒளிராது. துணி சோப்பில் வெளுப்புச் சாயம் இருக்கும், துணி ஒளிரும்.

வெள்ளை டியூபைப் போட்டான். சுவர் மட்டும். அணைத்தான். கோட்டு. போட்டான். சுவர். கையை வைத்துப் பார்த்தான். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. கொஞ்சம் ஈரம்.

பயம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. பதினோரு மாதமாக எதுவும் வருவதில்லை. அவளுடைய கோட்டுகள் மூன்றையும் ஜூலையிலேயே சர்ச்சில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தான். அளக்கும் டேப்பை எடுத்துவந்து காலரின் உயரத்தை அளந்தான். ஐந்தடி பத்து அங்குலம். அக்சா ஐந்தடி ஒன்று. தொழிற்சாலை நோட்டில் தேதி போட்டு எழுதினான். 'வித்தியாசம் உண்டு' என்று எழுதி மூடினான்.

இரவு தோசை வார்த்துச் சாப்பிட்டான். தூங்கினான்.

மறுநாள் தோல் பவளத்தின் குடை ஒரு விரற்கடை அகன்றிருந்தது. புதன்கிழமை இன்னும் கொஞ்சம். வெளிறிய பவளங்கள் எல்லாம் நிறம் கூடி, பழைய இடத்தைத் தாண்டிப் பாறை மேல் பரவத் தொடங்கின. அவள் இருந்தபோதுகூட இவ்வளவு செழிப்பு இல்லை. டைமர் ஏழு மணிக்கு வெள்ளையை அணைக்கும். எட்டு வரை நீலமும் யூவியும் மட்டும் எரியும். அந்த ஒரு மணி நேரம் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். செவ்வாய்க்கிழமை கோட்டின் வெள்ளை சுவரை விட்டு விலகியிருந்தது. புதன்கிழமை சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவில். வியாழக்கிழமை மேசையருகே. நடந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் இடம்.

வியாழக்கிழமை மடித்த கைகளின் முனையில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு பக்கம் ஐந்து. மறுபக்கம் ஐந்து. தோல் யூவியில் கறுக்கும், நகம் ஒளிரும். அது அவனுக்குத் தெரியும். லைட் பாக்ஸில் தன் கையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

சனிக்கிழமை அக்சாவின் தங்கை ஜெமி திருப்பத்தூரிலிருந்து வந்தாள். பள்ளியில் டீச்சர். பாத்திரம் நிறையக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். சமையலறையைப் பார்த்துவிட்டு, தனியாக இருக்கிறவன் வீட்டில் பல்லிகூடத் தங்காது போலிருக்கே என்றாள். சாப்பாடு போடும்போது மேசையருகே இருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். ஏன் தள்ளினாள் என்று அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"இந்தத் தொட்டிய யாருக்காச்சும் குடுத்துடுங்க மாமா. அக்கா போய்ட்டா. நீங்க இது முன்னாடி உக்காந்துனே கெடக்கறீங்கன்னு அம்மா ராத்திரி எல்லாம் ஜெபம் பண்றாங்க."

"இப்பதான் நல்லா வருது, ஜெமி. வந்து பாரு."

ஏழு மணியாகியிருந்தது. வெள்ளை அணைந்தது. ஜெமி தொட்டிக்கு முன் போய்க் குனிந்தாள். அக்கா பார்த்திருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அவன் பவளத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் ஜெமியின் நிழலுருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய வலது தோளின் மேல் ஐந்து புள்ளிகள், வரிசையாக.

"என்ன மாமா, ஏசி போட்ட மாதிரி இருக்கு" என்று அவள் தோளைத் தேய்த்துக்கொண்டாள். அவள் விரல்கள் அந்தப் புள்ளிகளின் ஊடே போய் வந்தன.

விளக்கைப் போட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். ஸ்டாண்ட் வரை கூடவே நடந்து, பஸ் கிளம்பும்வரை நின்றான். திரும்பி வரும்போது நடை மெதுவாக இருந்தது. முதல் முறையாக வீட்டுக்குள் போகத் தயங்கினான்.

திங்கட்கிழமை வக்கார் நீல டியூப் வந்துவிட்டதாகப் போன் செய்தார். கடைக்குப் போய், இடையில் யூவி போட்டிருந்ததைச் சொல்லி, போனில் இருந்த படத்தைக் காட்டினான். வக்கார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யூவியா? எத்தினி நாளு?"

"எட்டு நாள்."

"எட்டு நாள்ல இது எரிஞ்சு சுண்ணாம்பா ஆகியிருக்கணும் தம்பி." படத்தை விரலால் விரித்தார். "இது வேற எதையோ தின்னுது."

வக்கார் போனைத் திருப்பிப் பிடித்தார்.

"சொவத்துப் பக்கம் சாயுதுன்ன. இதுல அப்பிடி இல்லியே."

"எப்படி இருக்கு?"

"போட்டோ எடுத்தவன் பக்கம் சாயுது. உன் பக்கம்."

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே யூவியைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். மிச்சமிருந்த பழைய நீலத்தையும் எடுத்துவிட்டுப் புது நீலங்கள் இரண்டையும் போட்டான். பவளத்துக்கென்றே செய்த டியூப்கள். அவள் கேட்டது இவற்றைத்தான். நான்கும் மாறிவிட்டன. மாத்திட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னான். ஏழு மணிக்கு வெள்ளை அணைந்தது. ஹால் முழுக்கத் தெளிந்த நீலம். மேசை, நாற்காலிகள், சுவர். வேறெதுவும் ஒளிரவில்லை.

ஏழரைக்குப் பவளங்கள் மூடத் தொடங்கின.

முதலில் தோல் பவளம். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பிறகு மற்றவை. காலையிலும் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவற்றின் மேல் மெழுகு போல ஓர் ஏடு படிந்தது. உப்பைச் சோதித்தான், சரி. சூட்டைச் சோதித்தான், சரி. பாதித் தண்ணீரை மாற்றினான். புதன்கிழமை தோல் பவளத்தின் தண்டு நெகிழ்ந்து, குடை பாறை மேல் ஈரத் துணி மாதிரி கிடந்தது. தண்ணீரில் வாடை வந்தது. அந்த வாடையை அவனுக்குத் தெரியும். ஊறவைத்த தொட்டியில் மறந்துபோன பச்சைத் தோலின் வாடை. இன்னும் ஓர் இரவு. அதற்கு மேல் தாங்காது.

வியாழக்கிழமை லீவு போட்டான். பகல் முழுவதும் எதிரே உட்கார்ந்திருந்தான். வெளியே மதியத் தொழுகை அழைப்பு கேட்டது. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தார்கள். ஜன்னலில் கறுப்புத் தோல் வெயிலில் சுருங்கி ஆணியில் இழுபட்டு மெல்ல முறுக்கொலி எழுப்பியது. ஒரு சின்னப் பவளம் பாறையிலிருந்து விடுபட்டு, தண்ணீரில் மிதந்து, பம்பின் வலையில் ஒட்டியது. எடுத்துப் பார்த்தான். விரலில் கூழாகியது.

ஜெமிக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தான். செய்யவில்லை.

ஐந்து மணிக்குக் கட்டிலுக்கு அடியில் கைவிட்டான்.

ஸ்டூலில் ஏறினான். நான்காவது பிடி. கால் வட்டம். கிளிக்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். மற்ற மூன்றையும் அணைத்தான்.

இருட்டு.

சுவரைப் பார்த்தான். இல்லை. மேசை. இல்லை. சமையலறை வாசல். இல்லை. தரை. கதவு. எங்கும் இல்லை.

தொட்டிக்குள் ஏதோ அசைந்தது.

தோல் பவளத்தின் மேல் படிந்த ஏடு கிழிந்தது. ஒரு விரல் வெளியே வந்தது. பிறகு பத்து. குடை பாறையிலிருந்து மெதுவாக எழுந்தது. பச்சையாக எரிந்தது. அவனைப் பார்த்துத் திரும்பியது.

மூச்சு விட்டான்.

அப்போதுதான் கீழே பார்த்தான்.

தொழிற்சாலை நீலச் சட்டை. ஒளிராத துணி. அதன் மேல், நெஞ்சுக்குக் குறுக்காக, இரண்டு வெள்ளைக் கைகள். மடித்த மடிப்பு. பின்னாலிருந்து வந்து, ஒன்றின் மேல் ஒன்று. முனைகளில் ஐந்து. ஐந்து.

கனம் இல்லை. குளிர் மட்டும்.

இன்னொரு பவளம் திறந்தது. அதற்கு அடுத்தது. பாறை முழுக்கத் திறந்துகொண்டிருந்தன. எழுந்தால் மூடிவிடும். அவனுக்குத் தெரியும். மறுபடி திறக்காது.

கண்ணாடியில் தன் முகத்தைத் தேடினான். இருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்கு மேலே, உச்சந்தலையைத் தொட்டபடி, ஒரு வரிசைப் பற்கள். நீல வெள்ளை. மேல்வரிசை மட்டும்.

அவன் எழவில்லை.

கடைசிப் பவளமும் விரிந்தது. எல்லா விரல்களும் அவன் பக்கம். பம்ப் முனகியது. தலைமுடி லேசாகக் கலைந்தது, யாரோ மூச்சை உள்ளே இழுத்தது போல.

கண்ணாடியில் கீழ்வரிசையும் தெரியத் தொடங்கியது.